ஒரே ஒரு நிபந்தனை

பதினேழாவது தீர்மானம் வருவதற்குள் நகராட்சி மன்றத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டு முடித்திருந்தார்கள்.

குடும்ப வன்முறை உதவி மையத்தில் இரண்டு பணியாளர்கள். இந்த மாதக் கடைசிக்கு மேல் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. இனி நகராட்சி ஏற்க வேண்டும். தீர்மானம் அவ்வளவுதான்.

அந்த இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவளுக்கு இந்த வேலையில் ஒன்பது வருடம். சின்னவளுக்கு எட்டு மாதம். சின்னவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும்படி தலைவர் சொன்னார். மூத்தவள் எழுந்தாள்.

அடிபட்டு வருகிறவளோடு காவல் நிலையத்துக்குப் போவது. ஆஸ்பத்திரியில் கூட உட்கார்ந்திருப்பது. பாதுகாப்பாகத் தங்க இடம் பார்ப்பது. பிள்ளைகளைப் பள்ளி மாற்றுவது. பழைய சிம்கார்டைக் கழற்றிப் புதியதைப் போட்டுக் கொடுப்பது. போன வருடம் மட்டும் இருநூற்றுப் பதினான்கு பேர்.

"நம்ம ஊர்லயா?" என்றார் ஒருவர்.

"புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம். நடுவுல போனா நம்ம மண்டைதான் உடையும்" என்றார் இன்னொருவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

காரியம் கெட்டது என்று சின்னவள் முடிவு கட்டிய நேரத்தில்தான் பூங்காக்காரர் எழுந்தார்.

அவர் நாலாவது வார்டு உறுப்பினர். குப்பைமேடாகக் கிடந்த இடத்தை மூன்று வருடம் ஒற்றை ஆளாக அலைந்து பூங்காவாக்கியதில் வந்த பெயர் அது. அவர் எழுந்தால் எதிரணிக்காரர்கள்கூட செல்போனைக் கவிழ்த்து வைப்பார்கள்.

அன்று பிரமாதமாகப் பேசினார்.

தெருநாயைப் பிடிக்க நம்மிடம் வண்டி இருக்கிறது, அடிவாங்கி ஓடி வருகிற பெண்ணைக் கூட்டிப்போக ஒரு ஆள் இல்லை என்றார். சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் கண்ணைத் துடைத்தார்.

சின்னவள் மூத்தவளின் கையைப் பிடித்து நசுக்கினாள். மூத்தவள் திருப்பிப் பிடிக்கவில்லை.

"என் ஓட்டும், என்கூட இருக்குற ஆறு பேர் ஓட்டும் இவங்களுக்குத்தான்" என்றார் பூங்காக்காரர். "ஒரே ஒரு நிபந்தனை. இது மக்கள் பணம். யாருக்குப் போகுதுன்னு நமக்குத் தெரியணும். மாசா மாசம் பேரும், தங்கியிருக்கிற விலாசமும் போட்டு மன்றத்துக்கு ஒரு பட்டியல். அவ்வளவுதான்."

நியாயம்தானே என்று தலைகள் ஆடின. தணிக்கைக்கும் சௌகரியம் என்றார் கணக்கு அதிகாரி.

"என்னம்மா, சம்மதம்தானே?" என்று கேட்டார் தலைவர்.

"எத்தனை பேருன்னு தர்றோம் சார். பேரும் விலாசமும் தர முடியாது" என்றாள் மூத்தவள்.

பூங்காக்காரர் கோபப்படவில்லை. இன்னும் இறங்கி வந்தார்.

"சரிம்மா, மாசா மாசம் வேண்டாம். இந்த மாசத்துது மட்டும் குடுங்க. அடுத்த மாசத்துலேருந்து எண்ணிக்கையே போதும்."

மன்றமே அவள் வாயைப் பார்த்தது.

"முடியாது சார்."

மனுஷன் இவ்வளவு விட்டுக்கொடுத்தும் என்ன திமிர் என்று யாரோ முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது. கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவாக ஐந்து. எதிராகப் பன்னிரண்டு. பூங்காக்காரர் கடைசியாக, மனசில்லாதவர் போலக் கையைத் தூக்கினார்.

வெளியே தாழ்வாரத்தில் அவரே தேடிக்கொண்டு வந்தார்.

"மனசு மாறினா என் வீட்லயே கொண்டுவந்து குடுத்துடுங்கம்மா. தலைவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

விலாச அட்டையை நீட்டினார். மூத்தவள் வாங்கிக்கொண்டாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதைக் கோபம் என்றுதான் சின்னவள் நினைத்தாள்.

படியிறங்கும்போது சின்னவள் பொறுக்க முடியாமல் உடைந்துவிட்டாள்.

"ஒரு பட்டியல்தானேக்கா. உங்க வீட்ல இன்னொரு சம்பளம் வருது. எனக்கு இது ஒண்ணுதான்க்கா."

மூத்தவளிடம் பதில் இருந்தது. ஆனால் சொல்ல முடியாது. யாரை எங்கே தங்கவைத்தோம் என்பதை மையத்தில் ஒருவர் மற்றவரிடம்கூடச் சொல்லக் கூடாது. அந்த விதியை எழுதியவளே அவள்தான். சின்னவளின் தோளைத் தொடப் போனாள். சின்னவள் விலகி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அதன் பிறகு மூத்தவள் இரண்டு பஸ் மாறினாள். இறங்கிய நிறுத்தத்தில் கூட இறங்கியவர்கள் எல்லோரும் கலைந்து போகும்வரை நின்றாள். மருந்துக்கடைக்குள் ஏறி ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தாள். மூன்று தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டுக் கதவைத் தட்டித் தன் பெயரைச் சொன்னாள்.

சங்கிலியை விலக்கிக் கதவைத் திறந்தவளுக்கு இடது கையில் மாவுக்கட்டு. நாலாவது வார்டு உறுப்பினரின் மனைவி. அங்கே வந்து பதினோரு நாள் ஆகிறது.

வேலை போனதை மூத்தவள் சொல்லவில்லை. மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. வேறு ஊரில் இவளுக்கு இடம் பார்க்க அது போதும்.

"இன்னிக்கு மன்றக் கூட்டம் இருக்குமே" என்றாள் அந்தப் பெண். கதவின் சங்கிலியை ஒற்றைக் கையால் திரும்ப மாட்டிக்கொண்டே கேட்டாள். "என் பேரைக் கேட்டாரா?"

"இல்லம்மா" என்றாள் மூத்தவள். "எல்லார் பேரையும் கேட்டார்."