ஏசிப் பெட்டிக்குப் பின்னால்

வெயில் ஏறத் தொடங்கியதும் அந்த வீட்டில் கோடைக்கான வேலைகள் ஆரம்பித்தன. வாசலுக்கு மேலே பச்சை வலை கட்டினார்கள். மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்தார்கள். முற்றத்துச் சருகையெல்லாம் கூட்டி மூலையில் குவித்தார்கள். வெளிச்சுவரில் மாட்டியிருந்த ஏசிப் பெட்டிக்குப் பின்னால், தன் முட்டைகளின்மேல் உட்கார்ந்தபடி குருவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடுத்து உன் பெட்டிதான். வேற இடம் பாரு" என்றது அணில்.

"முட்டையைத் தூக்கிக்கிட்டா போக முடியும்? குளிர்காலம் பூரா இந்தப் பெட்டியை யாராச்சும் தொட்டாங்களா?"

"குளிர்காலத்துல ஏன்டி தொடப் போறாங்க?"

"வீட்டம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க அண்ணே. நான் இங்க இருக்கிறது அவங்களுக்குத் தெரியும்."

மறுநாள் காலையில் ஏசியைச் சுத்தம் செய்கிறவன் ஏணியோடு வந்தான். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுக் கூட்டை அள்ளிக் கீழே போட்டான். உடைந்த முட்டைகளைப் பார்த்து வீட்டம்மா, "அடப் பாவமே" என்றாள். பிறகு எல்லாவற்றையும் கூட்டி, மூலையிலிருந்த சருகோடு சேர்த்துத் தீ வைத்தாள். குருவி கத்திக்கொண்டே புகையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

மதியம் அவள் மதில்மேல் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தாள். கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோயிருந்த குருவி இறங்கி வந்து குடித்தது.

"ஏங்க, குருவி வந்துடுச்சு, வந்து பாருங்க!" என்று வீட்டம்மா பூரித்துப்போய்க் கூப்பிட்டாள்.

"இனிமே எங்க கூடு கட்டப் போறே?" என்று மெதுவாகக் கேட்டது அணில்.

குருவி அலகைத் துடைத்துக்கொண்டது.

"இங்கதான் அண்ணே. வேற எந்த வீட்டுல தண்ணி வைக்கிறாங்க?"