நான்காவது பூச்சு

அச்சின் ஒரு பாதியை எடுத்து வலது கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

குளிர்ந்தது.

இடது கன்னத்தில் வைத்துப் பயனில்லை. அதற்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

பிளாஸ்டர் காய்ந்துவிட்டால் கன்னத்தில் குளிராது. பிஸ்கட் போல லேசாகிவிடும். அதற்கு நாலு நாள் வெயில் வேண்டும். இந்த அச்சுக்கு ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

அத்தான் போன வாரமே செய்யச் சொல்லியிருந்தார். அவள் நேற்றுத்தான் செய்தாள்.

பசை டப்பாவைத் திறந்தாள்.

ஆசாரிமார் வாங்கும் வெள்ளைப் பசை. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மெல்லிய பிரஷால் இழுக்க வேண்டும். பூசாவிட்டால் அந்த அச்சில் வார்க்கிற தூண்டில் ரப்பர் மீன் அம்மைத் தழும்போடு வரும். பசை தேங்கிவிட்டாலோ செதில் மறைந்துபோகும். எந்த மீனும் அதைக் கடிக்காது.

முதல் பூச்சைக் காய்ந்த பிளாஸ்டர் உடனே குடித்துவிடும். இது குடிக்கவில்லை. வயிறு நிறைந்த பிள்ளை பாலைக் கடைவாயில் வைத்திருப்பதுபோல வைத்திருந்தது.

டேபிள் ஃபேன் முன்னால் நிறுத்தினாள்.

மேலே காய்ந்தது.

மேலே காய்ந்தால் போதும்.

போன வருஷம், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். அது பழைய அச்சு. கழுவிவிட்டு, காயவிடாமல், அத்தானே அவசரத்தில் பசை பூசினார். எப்போதும்போல ஊற்றுவது அவர், பிடித்துக்கொள்வது இவள். பிடிப்பவர்தான் அச்சின் துளைக்குமேல் குனிந்து, உருக்கிய ரப்பர்ப் பாகு நிறைந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னும் குளிருது அத்தான் என்றாள்.

"பிளாஸ்டர்னா குளிரத்தான் செய்யும். பிடி. நிறைஞ்சதும் சொல்லு."

உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி, ஊற்றியதை ஊற்றிய வழியே துப்பியது.

சிவப்புச் சாயம் போட்ட பாகு. ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது தோலோடு வந்தது.

அப்பளம் பொரிக்கையில் எண்ணெய் தெறித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் அத்தான் சொன்னார். அக்கா ஆமாம் என்றாள்.

வகுப்பில் பக்கத்தில் இருந்தவள், மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்துவிட்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். மறுநாளிலிருந்து இவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

அன்று ராத்திரி அத்தான் அக்காவிடம் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது.

"முகம் போனா என்ன, கை இருக்குல்லா."

இரண்டாவது பூச்சு.

மூன்றாவது.

அச்சு மினுங்கத் தொடங்கியது.

புது அச்சில் முதல் மீனை மட்டும் அத்தான் தனியாகத்தான் வார்ப்பார். கைராசி என்பார். அச்சை சைக்கிள் டியூப் வளையம் போட்டு இறுக்கி, முழங்கால் நடுவே நிறுத்தி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஊற்றுவார். கண்ணிமைக்காமல் துளையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று பூச்சு வரைக்கும் ஈரத்துக்கு எங்காவது ஒரு வழி இருக்கும்.

பிரஷைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அக்கா அத்தானின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளித்த துணியில் இஸ்திரிப் பெட்டி சீறியது.

நான்காவதையும் பூசினாள்.

நாலு மணிக்கு நாகர்கோவிலிலிருந்து தூண்டில் கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அத்தான் வெள்ளைச் சட்டையில் இருந்தார். அச்சுக்காக அவள் செதுக்கிய மீனைத் தானே செதுக்கியதாகச் சொன்னார். வந்தவர்கள் அச்சை வாங்கி, செதிலைப் பார்த்து, மனுஷக் கைதானா இது என்றார்கள்.

அடுப்பில் பாகு தயாராக இருந்தது. சிவப்பு.

அத்தான் அச்சைத் திரும்ப வாங்கினார். கட்டை விரலால் ஒருமுறை தடவினார்.

"குளிருதே."

"பிளாஸ்டர்னா குளிரத்தான் செய்யும், அத்தான்."

அவர் விரல் நின்றது.

அவளைப் பார்த்தார். அவர் அந்த முகத்தை நேராகப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். சட்டையைக் காட்டி, சாயம் பட்டால் போகாது, இன்றைக்கு அவளே வார்க்கட்டும் என்றார். அச்சைப் பலகைமேல் வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போனார்.

அவள் டியூப் வளையத்தைத் தேடவில்லை. அது அவள் பாவாடைப் பையில் இருந்தது.

ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

வந்தவர்களில் பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அத்தான் பிடிப்பாங்க."

இருவரும் தள்ளி நின்றார்கள். இருவரும் அத்தானைப் பார்த்தார்கள்.

ஈரம் என்று அத்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அதற்காகக் காத்திருந்தாள். அக்காவும் காபித் தட்டோடு வாசலில் வந்து நின்றாள்.

அவர் அச்சைப் பிடித்தார்.

அவள் பாகுக் கிண்ணத்தைத் தூக்கினாள். இடது கன்னத்தை அச்சின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நிறைஞ்சதும் சொல்லுங்க, அத்தான்."