கைவிட்ட ஐஸ் ஃபேக்டரியில் கச்சேரி

தென் கொரியாவின் மொக்போ துறைமுகத்தில், பழைய ஐஸ் ஃபேக்டரிக்குள், தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. முப்பது நாற்காலிகள்தான் போட்டார்கள். வந்திருப்பவர்கள் எண்பது பேருக்கு மேல். மீன் சந்தைப் பெண்கள் ரப்பர் பூட்ஸோடு வந்து, காலிப் பெட்டிகளைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். டிரம்ஸ் வாசிக்கும் யுன்சுல் நாளைக் காலை சியோலுக்குப் போகிறாள். அங்கே ஒரு இசைக்குழு அவளைக் கூப்பிட்டிருக்கிறது. போகும் முன் சொந்த ஊரில் ஒரே ஒரு கச்சேரி என்று கிடார்காரன் சாங்தே கெஞ்சியதால்தான் வாசிக்கிறாள். பாட்டு முடிகிறது. கைதட்டல் சுவர்களில் மோதித் திரும்புகிறது. ஆக்டோபஸ் விற்கும் ஓக்பூன் எழுந்து நின்று கத்துகிறாள்.

“ஏய் பொண்ணே, இன்னொரு தடவ அடி!”

“இதே பாட்டு மூணு தடவ ஆச்சு சித்தி!”

“இருக்கட்டும்டி. எங்களுக்கு இப்பத்தான் கால் சூடேறுது.”

யுன்சுல் வியர்வையைத் துடைத்தபடி கூட்டத்தையே பார்க்கிறாள். போகாதே என்று சொல்லத் துணியாமல் சாங்தே கிடார் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கிறான்.

“அண்ணா, நான் போகல. அந்த சியோல்காரங்கள இங்க வந்து வாசிக்கச் சொல்லட்டுமா?”

அவன் கை நின்றுவிடுகிறது. முகமெல்லாம் சிரிப்பு.

“சொல்லு, சொல்லு! ஆனா எங்க தங்க வைக்கிறது?”

“என் வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு,” என்கிறாள் ஓக்பூன். “காலைல நாலு மணிக்கு எழுப்பிடுவேன், ஆக்டோபஸ் கழுவணும்.”

கூரை அதிரச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் யுன்சுல் குச்சிகளை ஓங்கி அடிக்கத் தொடங்குகிறாள்.