கல் திருப்பும் நேரம்

ஆணியால் சுவரில் கீறினாள். 'நீர்.'

பக்கத்துக் கல்லில் 'காற்று.' அதற்கு அடுத்ததில் 'தோல்.'

செங்கல் சூளைக்குக் கல் அறுக்க வருகிறவர்களின் குடிசைக்குச் சுவர் என்பது அடுக்கி வைத்த, இன்னும் வேகாத பச்சைக்கல்தான். பூச்சு கிடையாது. மழை தொடங்கி ஊர் திரும்பும்போது பிரித்துச் சூளையில் போட்டுவிடுவார்கள்.

இந்த வருஷம் அது பாடத்திட்டம்.

இடதுபக்கச் சுவர் அறிவியல். வலதுபக்கம் சமூக அறிவியல். ஒரு கல்லுக்கு ஒரு பாடம்.

பக்கத்துக் குடிசை பச்சையம்மா எட்டிப் பார்த்தாள். சூளையில் வெந்து வரும்போது பாடமும் நன்றாக வெந்திருக்கும், பிள்ளைகள் கடித்துச் சாப்பிடலாம் என்றாள்.

அவளும் சிரித்தாள். ஆணியை மட்டும் நிறுத்தவில்லை.

போன வருஷம் ஊர் திரும்பியபோது மகள் கோபிகா படித்த எல்லாவற்றையும் மறந்திருந்தாள். சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். இன்னொரு தடவை அப்படி உட்காரச் சொன்னால் அவள் பள்ளிக்கூடத்தின் பக்கமே போகமாட்டாள். அப்புறம் கல் காயப்போடும் களம்தான். அக்கா பின்னாலேயே சரணும் வருவான்.

ஊர் டீச்சர் அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டு புத்தகம் கொடுத்திருந்தார். ஜூன் மாதம் கேள்வி கேட்பேன், பதில் சொன்னால் அவள் வயசுப் பிள்ளைகளோடு உட்காரட்டும் என்றிருந்தார்.

தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்க அம்மாவுக்குப் பயமில்லை. எட்டாவது வரை போனவள். இந்த இரண்டும்தான் முரண்டு பிடித்தன.

தோட்டத்துக்குப் போய் ஐந்து வகை இலை பறித்து வா என்றது அறிவியல். சூளையைச் சுற்றி ஒரே ஒரு எருக்கஞ்செடிதான் நின்றது. அதிலும் சாம்பல்.

தபால்காரரைச் சந்தித்துப் பேசு என்றது மற்றது. இங்கே எவனும் வருவதில்லை. நமக்கு உதவுவோர் படத்தில் கொத்தனார் இருந்தார். அவர் கையில் செங்கல் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கேள்வி இல்லை.

அந்தக் கேள்வியை அவளே போட்டுக்கொண்டாள்.

இலைப் பாடத்தைத் தள்ளி வைத்தாள். நீர் ஆவியாவதை முன்னால் இழுத்தாள். அதற்குக் களம் முழுக்கச் சாட்சி கிடந்தது. வரைபடத்துக்கு லாரி டிரைவரைப் பிடிக்க வேண்டும். கல் போகிற ஊரெல்லாம் அவருக்குத் தெரியும்.

எல்லாம் சரியாக வந்தது.

நேரம்தான் வரவில்லை.

காலை வெயில் ஏறுவதற்குள் நேற்று அறுத்த கல்லையெல்லாம் திருப்பிப் போட வேண்டும். அது பிள்ளைகள் வேலை. எல்லாச் சூளையிலும் அப்படித்தான். பிள்ளைகள் எடை குறைவு. அரை ஈரக் கல்லின்மேல் நடந்தாலும் பள்ளம் விழாது.

மத்தியானம் சொல்லிக் கொடேன் என்றான் ஏழுமலை. அவளைக் கட்டினவன்.

மத்தியானம் பிள்ளைகள் சோற்றுத் தட்டிலேயே தூங்கிவிழும். அவனுக்கும் அது தெரியும்.

"பாடம் முடிச்சிட்டு நான் திருப்பறேன். புள்ளைங்க வராது."

விடிய விடியச் சேறு மிதித்துக் கல் அறுத்துவிட்டு, அதுக்கு அப்புறம் இதையுமா என்றான். எத்தனை நாளைக்குத் தாங்குவ என்றான். அவள் கரித்தூளில் எண்ணெயை விட்டுக் குழைத்தாள்.

இன்றைக்குத் தோல் பாடம். கட்டைவிரலில் மை தொட்டுத் தாளில் பதிக்க வேண்டும். ஒருவர் ரேகை மாதிரி இன்னொருவருக்கு இருக்காது.

காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டாள். சரண் பதித்தான். கோடு கோடாக, ஆற்று மணலில் காற்று அடித்த மாதிரி. கோபிகா பதித்தாள். அதுவும் வந்தது.

அவள் பதித்தாள்.

கறுப்பாய் ஒரு அப்பல். ஒரு கோடு இல்லை. அவ்வளவுதான்.

"சரியா வைம்மா," என்றாள் கோபிகா.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அப்பல்.

ஏழுமலைக்குச் சிரிப்பு வந்தது. வாத்தியாரம்மாவே பாடத்தில் கோட்டை விட்டுட்டா என்று உட்கார்ந்தான். தன் விரலைத் தொட்டு அழுத்தினான்.

எடுத்தான். அதுவும் அப்பல்.

சிரிப்பு நின்றது.

ரேஷன் கடையில் மிஷின் அவன் விரலை எடுக்காது. கடைக்காரர் துடைச்சிட்டு வை, துடைச்சிட்டு வை என்பார். மிஷின் கோளாறு என்றுதான் இதுவரை நினைத்திருந்தான்.

"எல்லாருக்கும் ரேகை இருக்கும்னு புக்குல போட்டிருக்குப்பா," என்றாள் கோபிகா.

அவன் மகள் கையை இழுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான். கல்லைப் பிடித்துப் புரட்டுகிற விரல்கள். மணலும் பச்சைக்கல்லும் உரசுகிற இடம்.

"ஆள்காட்டி விரல வை பாப்பா."

வைத்தாள்.

பாதி வரை கோடு வந்தது. மீதி வழவழவென்று கறுப்பு.

அவன் தாளைப் பார்த்தான். விரலைப் பார்த்தான். மறுபடி தாள்.

பெண்டாட்டி பக்கம் திரும்பவில்லை. லுங்கியை மடித்துக் கட்டினான். குனிந்து வெளியே போனான்.

களத்தில் பச்சைக்கல் புரளும் சத்தம் கேட்டது. ஒரே ஆள் புரட்டுகிற சத்தம்.

கோபிகா பழக்கத்தில் எழுந்தாள்.

"உக்காரு," என்றாள் அவள். "இன்னும் எட்டு விரல் இருக்கு."