ஒரு துளி சிந்தாமல்

“ஒரு துளி சிந்தினாலும் என் கதை முடிஞ்சுதுங்க,” என்றார் வந்தவர். கறுப்புச் சட்டை, நான்கு நாள் தாடி, பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேளாத குரல். மேசைமேல் அவர் வைத்தது ஒரு ரிமோட் ராலி கார்.

ஸ்பிரிங் அக்கா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். இந்தக் குட்டிக் கார்களைப் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் அவளுக்கு இட்ட பெயர் அது. மேடாயினும் பள்ளமாயினும் வண்டியைத் தரையோடு ஒட்டி ஓடவைப்பதில் அவள் கைக்கு இணை கிடையாது.

“பந்தயம் எப்போங்க?”

“பந்தயம் இல்லை. வேற காரியம். மேல முந்நூறு கிராம் ஏத்தணும். தண்ணியாட்டம் இருக்கும், விளிம்பு வரைக்கும். குலுங்கவே கூடாது.”

காரின் மேற்கூட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு தகரத் தட்டைத் திருகியிருந்தார். அதில் பழுப்பாக, வட்டமாக ஒரு கறை காய்ந்திருந்தது.

“எங்க போகணும்?”

“ஒரு ரூமுக்குள்ள. கதவு ஒரு சாண்தான் திறந்திருக்கும். கீழே குறுக்க ஒரு மரச்சட்டம்.”

“நீங்களே கொண்டுபோய் வெச்சுடலாமே?”

“என் மூஞ்சி தெரிஞ்சா காரியமே கெட்டுடும்.” அவர் தகரத் தட்டை விரலால் துடைத்தார். “இருபத்திரண்டு நாளா பொறுத்துட்டேன். ரெண்டு தடவை அனுப்பிப் பார்த்தேன், கதவுக்கிட்டயே போச்சு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்.”

“உள்ள... யாரு இருக்காங்க?”

“ஒரே ஆளுதான்.”

குலுங்கினால் வெடிக்கும் திரவங்களைப் பற்றி அக்கா படித்ததுண்டு. கடையில் வேறு ஆள் இல்லை. தெருக்கதவோ அவர் முதுகுக்குப் பின்னால். ‘அஞ்சாதே’ என்று சொல்லச் சுவரில் மாட்டியிருந்த தெய்வம் ஒன்றே துணை.

மனம் மத்தில் அகப்பட்ட தயிராய்ச் சுழல, கை மட்டும் பழகிய வேலையில் இறங்கியது. பந்தயத்துக்கென்று மாட்டியிருந்த விறைத்த ஸ்பிரிங்குகள் நான்கையும் கழற்றி, மெத்தென்றவற்றைப் பூட்டினாள். அதிர்வைத் தாங்கும் ஷாக் குழாய்களில் கெட்டியான எண்ணெய் நிரப்பினாள். இளகிய எண்ணெயானால் மேட்டைத் தாண்டிய பின்னும் வண்டி ஊஞ்சலாடும். முந்நூறு கிராம் எடையைத் தட்டில் ஏற்றி, அதன்பிறகே உயரத்தைத் திருகிச் சரிசெய்தாள். வெறும் வண்டியை அளந்தால் சுமை ஏறியதும் உட்கார்ந்துவிடும்.

ஸ்பிரிங்கை விறைப்பாக விட்டால் வழியிலேயே வெடிக்கும். செம்மையாகச் செய்தாலோ அந்த அறையில் இருக்கும் உயிர் போகும். எதைத் தேர்வது? கெடுத்துக் கொடுக்க அவள் கைக்குத் தெரியவில்லை.

ஒரு சாண் உயரத்திலிருந்து காரை மேசைமேல் விட்டாள். அது ஒருமுறை தாழ்ந்து எழுந்து, அப்படியே அசைவற்று நின்றது.

“தெய்வமே!” என்று அவர் கைகூப்பினார். கூப்பிய கைக்குள்ளும் கத்தி இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் வேலைச் சீட்டில் முகவரி எழுத அவர் தயங்கவில்லை.

அவர் படியிறங்கியதும், போலீஸ் ஏட்டாக இருக்கும் அண்ணனை அழைத்தாள்.

“உனக்கு எதுக்கும் கண்ணு காது மூக்கு வெச்சே பழக்கம்,” என்று அண்ணன் சிரித்தார். ‘விளிம்பு வரைக்கும்’ என்றதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

மறுநாள் ஆறு மணிக்கு, மூன்றாம் மாடிப் படிக்கட்டில் அண்ணனும் இரண்டு காவலர்களும் பதுங்கியிருந்தார்கள்.

“கீழயே இருன்னு சொன்னா கேக்க மாட்டியா?”

“நான் சரிபண்ணின வண்டிண்ணே. போற உயிர் என் தலையிலதானே விழும்?”

வீட்டுக் கதவு தாழிட்டிருக்கவில்லை; அண்ணனின் விரல் பட்டதும் ஓசையின்றித் திறந்தது. கூடத்தில் அந்த மனிதர் மண்டியிட்டிருந்தார். கையில் ரிமோட். கார் அறைக்கதவை நோக்கி நத்தையாய் நகர்ந்தது. தட்டில் இருந்ததை அவர் முதுகு மறைத்தது. மெல்லிய ஆவி மட்டும் எழுந்தது.

“பாஞ்சுடலாமா ஏட்டய்யா?” என்று காவலர் ஒருவர் கிசுகிசுத்தார்.

“ஐயோ, வேணாம்!” என்றாள் அக்கா. “அவர் கை ஆடினா எல்லாரும் போயிடுவோம்.”

மரச்சட்டம் வந்தது. முன்சக்கரங்கள் ஏறின, ஸ்பிரிங்குகள் அமுங்கின, நிமிர்ந்தன. பின்சக்கரங்களும் ஏறி இறங்கின. கார் ஒரு சாண் இடைவெளிக்குள் நுழைந்து மறைந்தது.

அக்கா கண்களை இறுக மூடினாள். சிறுவயது முதல் ஓதிவந்த பதிகங்கள் எல்லாம் முதலடியோடு நின்றுபோயின.

அறைக்குள் பீங்கான் உரசும் ஓசை கேட்டது. பிறகு, இருபத்திரண்டு நாள் பேசாதிருந்து கரகரத்துப்போன பெண்குரல் ஒன்று வெளியே வந்தது.

“காபிக்குச் சர்க்கரை போட மறந்துட்டீங்க.”