பதினோராவது வண்டி

"யோவ், அந்த வண்டிகிட்ட இன்னாய்யா பண்ற?"

செஞ்சிக் கோட்டை வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் காத்தாயி போட்ட சத்தத்தில், கார்கள் நிற்கும் இடமே திரும்பிப் பார்த்தது. ஒரு வெள்ளைக் காரின் முன்கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

கோட்டையைப் பார்த்துவிட்டு, மகள் பாரதியைத் தோளில் சுமந்து வந்த ஆனந்தராஜ் ஓட்டமாக ஓடி வந்தான். அது அவனுடைய கார்.

"காலையிலேர்ந்து பாக்குறேன் சார். இதே ஜாதி வண்டியா பாத்துப் பாத்து மோந்துக்கினு இருக்கான். திருட்டுப்பய" என்றாள் காத்தாயி.

"திருட வரல சார்" என்றார் அந்த ஆள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். "உங்க வண்டிய புகை ரீகாலுக்குக் கூப்பிட்டாங்களா?"

ஆனந்தராஜின் கோபம் பாதியில் நின்றது. மூன்று மாதத்துக்கு முன்னால், அளவுக்கு மீறிப் புகை விடுகிறது என்று அந்த ரகக் கார்களை எல்லாம் கம்பெனியே திரும்ப அழைத்து, இன்ஜினுக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்றி அனுப்பியிருந்தது.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடியில பச்சை ஸ்டிக்கர் இருக்குதே. பைபாஸ் ஷோரூம்லதான ஏத்தினாங்க?"

"ஆமா. அதையும் ஸ்டிக்கரே சொல்லுதா?"

"மத்த ஊர்ல நேரா ஒட்டுவாங்க சார். இங்கதான் சாய்ச்சு ஒட்டுறது." அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "என் பேரு தாவூத். ரீகாலுக்கு அப்பறம் வண்டி ஓடிக்கினு இருக்கும்போதே ஆஃப் ஆவுதா?"

பின்னால் மூச்சு வாங்க வந்து சேர்ந்த மணிமொழி, கணவனை முந்திக்கொண்டு பேசினாள். "போன வாரம் தீவனூர்கிட்ட ஆஃப் ஆயிடுச்சுங்க. ஸ்டியரிங் இறுகிப்போச்சு. பிரேக்கு கல்லாட்டம் ஆயிடுச்சு. பின்னாடியே கரும்பு லாரி. அந்தப் புள்ளையார்தான் காப்பாத்தினாரு."

"ஷோரூம்ல கேட்டீங்களா?"

"கேட்டோம். 'உங்க ஒரு வண்டியிலதான் இப்படி, வேற யாரும் சொல்லல'ன்னுட்டாங்க" என்றான் ஆனந்தராஜ்.

"எல்லார்கிட்டயும் அதான் சார் சொல்றாங்க. உங்களோட சேத்து இது பதினோராவது வண்டி."

தாவூத் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பத்து கார்களின் எண்கள், தேதியோடு இருந்தன.

"இதுக்குன்னு கவர்மென்ட்டு வெப்சைட் இருக்குது சார். நெறைய பேரு புகார் போட்டா அவங்களே விசாரிப்பாங்க. கம்பெனி சும்மா இருக்க முடியாது. ஆனா ஓடிபி வண்டிக்காரங்க போனுக்குத்தான் வரும், நானே போட முடியாது. அதான் ஞாயித்துக்கிழமைன்னா கோட்டை, அமாவாசைன்னா மேல்மலையனூரு கோயிலு. கார் எங்க நிக்குதோ அங்க வந்து தேடுறேன்."

"உங்களுதும் இதே காரா?"

"எனக்கு ஏது சார் காரு? பழைய மொபெட்டு ஒண்ணு இருக்குது."

"அப்பறம் உங்களுக்கு இதுல இன்னா?"

தாவூத், ஆனந்தராஜின் தோளில் தூங்கி வழிந்துகொண்டிருந்த பாரதியைப் பார்த்தார். "கொழந்தைங்க போற வண்டி சார்."

காத்தாயி ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொண்டுவந்து தாவூத்தின் கையில் வைத்தாள்.

"திருட்டுப்பயன்னு சொன்னதுக்கு. துட்டு வாணாம், துன்னு."

புளிய மரத்து நிழலில் நின்று புகாரைப் பதிய ஆரம்பித்தார்கள். தாவூத் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஆனந்தராஜ் கைபேசியில் நிரப்பினான். வண்டி எண், ஆஃப் ஆன நாள், இடம், பின்னால் வந்த லாரி எல்லாம் ஏறின.

"திரும்பிப் போறப்ப ஏசி போடாதீங்க சார். அது இல்லன்னா அவ்வளவா நிக்கல. மீறி நின்னுட்டா பதறாம நியூட்ரலுக்குத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்க. வண்டிய சரி பண்ற வரைக்கும் பஸ்ல போனா இன்னும் நல்லது."

ஆனந்தராஜ் தலையாட்டினான். கடைசியாக விவரம் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் அவனுக்கு மறுபடியும் கோபம் ஏறியது.

"இந்த சாஃப்ட்வேர எவன் ஏத்தினானோ அவன் பேரையும் போடப்போறேன். வேல போவட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

"போடுங்க சார்" என்றார் தாவூத். "வேல செஞ்சவன் பேரு இருந்தா, அவனையும் கூப்ட்டு விசாரிப்பாங்க. நடந்தத அவன் வாயாலயே சொல்லுவான்."

ஆனந்தராஜ் காருக்குள்ளிருந்து, செய்த வேலையைக் குறித்து ஷோரூமில் கொடுத்த ஜாப் கார்டை எடுத்து வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வேல செஞ்சவன் பேரே எழுதல. வெறும் கையெழுத்து. கோழி கிண்டினாப்ல இருக்குது, ஒரு எழுத்தும் புரியல."

"விடுங்க, பேரு இல்லாமலே அனுப்புங்க" என்றாள் மணிமொழி. "இந்த அண்ணன மாதிரி மனசுள்ளவரு ஒருத்தரு அந்த ஷோரூம்ல இருந்திருந்தா, நாம இப்படி மரத்தடியில நிக்க வேண்டியதே வந்திருக்காது."

தாவூத் வெள்ளரிப்பிஞ்சை இன்னும் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

"தாவூத்னு போடுங்க சார். என் கையெழுத்து எப்பவுமே கோழி கிண்டினதுதான்."