மேற்குக் காது

காற்றுமானி மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் அவள் ஆபரேட்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐம்பதைத் தாண்டினால் ரேடியோ தொலைநோக்கியின் தட்டை அண்ணாந்தபடி நிறுத்திப் பூட்டிவிட வேண்டும். விதி அது.

"ஏம்மா, உன் நட்சத்திரம் செத்துப் பல்லாயிரம் வருஷமாச்சு. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா ஓடியா போயிரும்?" என்றார் ஆபரேட்டர்.

"அது ஓடாதுண்ணே. எனக்குத்தான் நாளில்லை. பத்தே நிமிஷம்."

நாளை முதல் தட்டுக்கு ஓராண்டு பழுதுபார்ப்பு. அவள் ஆராய்ச்சி வேலைக்கோ இன்னும் மூன்றே மாத ஆயுள்.

வெடித்த நட்சத்திரத்தின் கூடு பந்துபோல உருண்டையாகத்தான் விரியும். இந்தக் கூட்டுக்கோ கிழக்கே ஒரு காது புடைத்திருந்தது. நடுவில் கிடக்கும் செத்த நட்சத்திரம், உயிரோடிருக்கும் தன் துணையை உறிஞ்சி, உறிஞ்சியதை இரண்டு பக்கமும் பீய்ச்சுகிறது. அந்தப் பீச்சல்தான் கூட்டைப் பிதுக்கியது என்று ஐந்து வருஷமாகத் தொண்டை வறளச் சொல்லிவந்தாள்.

அப்படியானால் நேர் எதிரே, மேற்கிலும் ஒரு காது இருக்க வேண்டுமே என்று மற்ற வானியலாளர்கள் கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

ஆபரேட்டர் பெருமூச்சு விட்டு, பூட்டும் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

தட்டு மேற்கே நகர்ந்தது. கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. கூட்டின் விளிம்பு வந்ததும் திரையில் ரேடியோ அலையின் கோடு சரிந்தது.

சரிந்த கோடு மறுபடி எழுந்தது. அழகாக, ஒரு புடைப்பாக.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், பாவம்.

ஆபரேட்டர் தட்டைப் பூட்டினார். பதிவேட்டை இழுத்து, காற்றின் வேகம் என்ற கட்டத்தில் நாற்பத்தெட்டு என்று எழுதி, அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துக்கு நீட்டினார்.

மானியில் அறுபத்திரண்டு.

அந்தக் காற்றில் தட்டு ஆடும். தட்டு ஆடினால் இல்லாத காதும் திரையில் முளைக்கும். அவளுக்கு அது தெரியும். கேள்வி கேட்டவர்களுக்கும் தெரியும். நாற்பத்தெட்டு என்றிருந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பேனா வியர்வையில் வழுக்கியது.

நாற்பத்தெட்டை ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் அறுபத்திரண்டு என்று எழுதினாள். பிறகு, கீழே ஒரு வரி:

'ஆபரேட்டர் நிறுத்தத்தான் பார்த்தார். நான்தான் விடவில்லை.'